மலைக்காக வாதாடிய மாமனிதர்

ஒரு துணிப்பை. அதற்குள்ளே எழுதிய தாள்கள் ஒரு கட்டு. கிறித்தவர்களின் புதிய ஏற்பாடு ஒன்று. நாட்டின் அரசியல் சட்டத்தையும் மத்தேயு எழுதிய நற்செய்தியையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த சிறு ஏடு. நாட்குறிப்புகள். ஆற்றுப் பாசி கொஞ்சம். மூன்று கூழாங்கற்கள்.

இவ்வளவுதான் சொத்து! ஆறு முறை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர், கண்மூடியபோது கைவசம் வைத்திருந்த சொத்து இவ்வளவுதான்!

மாளிகை இல்லை. மாந்தோப்பு இல்லை. படுத்திருந்த வீடுகூட அவருடையதல்ல, ஊர் ஊராக அலைந்து வந்தவர், நோய் முற்றியதும் ஓர் உழவரின் வீட்டில் சாய்ந்தார், எழவில்லை. 1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் அந்த மூச்சு நின்றது. அடக்கத்துக்கு வந்த கூட்டமோ பல்லாயிரம்! அவருடைய எலும்பை எங்கள் ஊருக்குத் தா, எங்கள் ஊருக்குத் தா என்று கேட்டு, ஊர்கள் பல பங்கிட்டுக் கொண்டன.

அவர் பெயர் தனாகா ஷோஸோ. ஜப்பான் நாட்டவர். செம்புச் சுரங்கத்தின் நஞ்சால் செத்த மலைக்காகவும், கெட்ட ஆற்றுக்காகவும், பாழான கழனிக்காகவும் வாதாடி வாதாடியே வாழ்நாளைத் தேய்த்தவர்.

சுரங்கத்திலும் ஆலையிலும் வியர்வை சிந்தும் தோழர்கள் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும். ஏனெனில், பாழ்படுத்தப்பட்ட மண்ணைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியுமா, முடியுமென்றால் முதல் வேலை எது என்ற கேள்விக்கு இவர் வாழ்விலே விடை இருக்கிறது.

1841-இல் பிறந்தார். தோச்சிகி மாவட்டத்தைச் சேர்ந்த கொனாகா என்னும் சிற்றூர். தந்தை ஊர் மணியக்காரர். பதினேழாம் வயதில் அந்தப் பொறுப்பு மகனுக்கு வந்தது. மேலே இருந்த நிலப்பிரபுவின் ஆட்கள் ஊரார் வழக்கத்தை மிதித்தார்கள். வரியென்றும் வேலையென்றும் வாட்டினார்கள். இளைஞர் எதிர்த்தார். 1868-இல் சிறை! சிறையா அது? நிமிர்ந்தால் தலை இடிக்கும், நீட்டினால் கால் இடிக்கும், மூன்றடிக் கூண்டு. பத்துத் திங்களுக்கு மேல் அதிலே கிடந்தார். உணவிலே நஞ்சு கலப்பார்களோ என்று அஞ்சி, நண்பர்கள் மறைத்துக் கொடுத்த கருவாட்டுத் துண்டைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் உயிர் பிடித்திருந்தாராம்.

விடுதலையானார். வடக்கே சிறு அரசாங்க வேலை கிடைத்தது. 1871-இல் மேலதிகாரி ஒருவர் கொலையுண்டார். பழி இவர்மேல்! சித்திரவதை, சிறை, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். 1874-இல் குற்றமற்றவரென்று வெளியே வந்தார். திக்கிப் பேசும் குறை இருந்ததாம் அவருக்கு. சிறையிலே புத்தகங்களை உரக்கப் படித்துப் படித்தே அந்தக் குறையைப் போக்கிக் கொண்டாராம். நாட்டை உலுக்கப் போகும் நாவுக்குச் சிறைதான் பள்ளிக்கூடம்!

1879-இல் ஏடு நடத்தினார். 1880-இல் மாவட்ட மன்றத்துக்குச் சென்றார்; பின்னர் அதன் தலைவரானார். 1890-இல் ஜப்பானில் முதன்முதலாக நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது வென்றவர்களுள் அவரும் ஒருவர்.

இனி, அவரை விட்டுச் சற்றே மலைக்குச் செல்வோம்.

அந்த மாவட்டத்தின் மேற்கே அஷியோ மலை. பழைய செம்புச் சுரங்கம். வளம் வற்றிப் போனதென்று கைவிடப்படும் நிலையில் இருந்தது. 1877-இல் புருகாவா இச்சிபெய் என்ற செல்வர் அதை வாங்கினார். 1881-இலும் 1884-இலும் பெரும் செம்புப் பாளங்கள் அகப்பட்டன. பிறகு கேட்பானேன்! புதிய பொறிகள், புதிய உலைகள், நீர்மின் நிலையம். சில ஆண்டுகளிலேயே நாட்டின் செம்பில் பெரும்பங்கு அந்த ஒரு மலையிலிருந்து வந்தது. வெளிநாட்டுக்குச் செம்பு போயிற்று, பொன் வந்தது. பொன்னைக் கொண்டு பொறியும் பீரங்கியும் வாங்கினார்கள்.

செம்பு போன வழியைப் பார்த்தவர் பலர். நஞ்சு போன வழியைப் பார்த்தவர் யார்?

உலைக்கு எரிக்கவும் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் காட்டை வெட்டினார்கள். மிச்சமிருந்த காட்டை உலையின் கந்தகப் புகை தின்றது. இலை கருகிற்று, மரம் பட்டுப்போயிற்று, வேர் அழுகியது. வேர் போனபின் மண்ணைப் பிடித்து வைக்க ஆளில்லை. ஒவ்வொரு மழையும் மலையின் தோலை உரித்துக்கொண்டு இறங்கியது. கடைசியில் பாறை எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. மாட்சுகி என்று ஓர் ஊர். பட்டுப்புழு வளர்த்து வாழ்ந்த ஊர். முசுக்கட்டை இலை புகையில் கருகிற்று, புழு செத்தது, பிழைப்புச் செத்தது, 1902-இல் அந்த ஊரே இல்லாமற் போயிற்று.

மலையடியில் தோன்றுவது வதராசே ஆறு. முன்னெல்லாம் வெள்ளம் வந்தால் வண்டல் வரும்; உழவன் மகிழ்வான். சுரங்கம் செழித்தபின் வண்டலோடு செம்பும் நச்சுக் கழிவும் வந்தன. மீன் மிதந்தது. 1890-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் வடிந்தபோது, நெல் வேரோடு அழுகிக் கிடந்தது. மலையிலே காடு இல்லாததால் வெள்ளம் பெரிது. வெள்ளத்திலே கழிவு கலந்ததால் அழிவு பெரிது. தலையிலே கொள்ளி வைத்தவன் மலைமேல். காலிலே வெந்தவன் சமவெளியில்!

1891 டிசம்பரில் தனாகா நாடாளுமன்றத்தில் எழுந்தார். குடிமக்களின் உடைமைக்கு அரசியல் சட்டம் காப்பளிக்கிறது. பொதுநலனுக்குக் கேடு செய்யும் சுரங்கத்தின் உரிமத்தைப் பறிக்கச் சுரங்கச் சட்டம் இடந்தருகிறது. அப்படியிருக்க, ஆண்டு பல ஆகியும் அரசு வாளாவிருப்பது ஏன் என்று கேட்டார்.

விடை சொல்ல வேண்டிய அமைச்சர் யார்? முட்சு முனெமிட்சு. அவருடைய இரண்டாம் மகனைத் தத்து எடுத்திருந்தவர் யார்? சுரங்க முதலாளி புருகாவா! கேட்கவும் வேண்டுமோ? அழிவின் காரணம் இன்னதென்று தெரியவில்லை என்ற பாணியில் மறுமொழி வந்தது. மறுபுறம், பஞ்சத்தில் கிடந்த உழவர்களிடம் சிறு தொகையை நீட்டி, இனி எக்காலத்தும் முறையிட மாட்டோம் என்று எழுதிக் கையொப்பம் வாங்கும் வேலை நடந்தது. பசித்தவன் கையில் பேனா. பருத்தவன் கையில் பத்திரம்!

1896-இல் மீண்டும் மீண்டும் வெள்ளம். நஞ்சு பல மாவட்டங்களுக்குப் பரவியது. கைக்குழந்தைகள் இறந்தன, தாய்க்குப் பால் வற்றியது. நஞ்சால் மாண்ட உயிர் 1,064 என்று தனாகா கணக்கெடுத்துக் காட்டினார். உழவர்கள் கோவில் ஒன்றைப் பாசறையாக்கிக்கொண்டு, தலைநகர் டோக்கியோவை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். 1897-இல் அமைச்சர் எனோமொட்டோ நேரில் வந்து பார்த்தார். கண்டதைத் தாங்காமல் பதவி விலகினார்.

அந்த ஆண்டு மே திங்களில்தான் அரசு ஆணை பிறப்பித்தது. கழிவுநீர் தெளியக் குளம் கட்டு; மணலில் வடிகட்டு; புகையைச் சுண்ணாம்பு நீரால் கழுவக் கோபுரம் எழுப்பு; தவணைக்குள் முடிக்காவிட்டால் சுரங்கத்தை மூடு என்றது. முதலாளி பெரும் பணம் செலவிட்டுத் தவணைக்குள் கட்டி முடித்தார். அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. அதே சமயம் மொட்டை மலையில் மரக்கன்றும் நட்டார்கள்.

நட்டார்கள், தோழர்களே! ஆனால் கந்தகத்தைப் பிடிக்க அந்தக் கோபுரத்தால் இயலவில்லை. புகை தொடர்ந்தது. நட்ட கன்று நின்ற இடத்திலேயே கருகியது. குத்திய கத்தியை எடுக்காமல் புண்ணுக்குக் களிம்பு தடவினால் புண் ஆறுமோ? இந்த ஒரு பாடத்தைக் கற்க, ஜப்பானுக்கு அறுபது ஆண்டுகள் பிடித்தன.

1900 பிப்ரவரி 13. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உழவர்கள் மீண்டும் தலைநகர் நோக்கிக் கிளம்பினார்கள். கவமட்டா என்னுமிடத்தில், ஆற்றங்கரையில், போலீசார் பாய்ந்தனர். அடித்தனர், பிடித்தனர், 51 பேர்மீது வழக்கு. அந்த வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கி, கடைசியில் 1902-இல் குற்றப்பத்திரத்திலேயே கோளாறு என்று ஒழிந்தது என்பது தனிக்கதை.

தாக்குதல் நடந்த சில நாளில் தனாகா நாடாளுமன்றத்தில் முழங்கினார். குடிமக்களைக் கொல்வது நாட்டையே கொல்வது, நாடு அழிகிறது என்பதைக்கூட அறியாமலிருக்கிறதே இந்த அரசு என்ற கருத்துப்பட எழுத்து மூலம் வினாத் தொடுத்தார். தலைமை அமைச்சர் யமகாட்டாவோ, வினாவின் பொருளே விளங்கவில்லை, ஆகவே விடை இல்லை என்று ஒதுக்கிவிட்டார்.

கட்சி ஏட்டிலே எழுதுகிறேன்; ஆயினும் ஒன்றை மறைக்க மாட்டேன். கட்சி ஆதாயத்துக்காகக் கூவுகிறார் இவர் என்று எதிரிகள் பழித்தபோது, அந்தப் பழி உழவர் வழக்கைக் கெடுக்கக் கூடாதென்று, அந்த நாட்களிலேயே அவர் தம் கட்சியிலிருந்து விலகினார். அதற்கு முந்திய ஆண்டு, உறுப்பினர்களின் ஆண்டுச் சம்பளம் 800 யென்னிலிருந்து 2,000 யென்னாக உயர்த்தப்பட்டது. எதிர்த்துப் பேசினார். எதிர்த்துப் பேசிவிட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. உயர்வை மட்டுமல்ல, சம்பளம் முழுவதையுமே வேண்டாமென்றார்! கட்சி என்பது மக்களுக்குக் கருவி என்று நாம் மேடைதோறும் பேசுகிறோமே, அதை வாழ்ந்து காட்டியவர் அவர்.

1901 அக்டோபரில் உறுப்பினர் பதவியையும் துறந்தார். டிசம்பர் 10-ஆம் நாள், நாடாளுமன்றத்தைத் தொடங்கி வைத்துவிட்டு மன்னர் மெய்ஜியின் வண்டி திரும்பி வருகிறது. அக்காலத்து ஜப்பானில் மன்னர் மனிதரல்லர். கதிரவன் தெய்வத்தின் வழித்தோன்றல் என்று கற்பிக்கப்பட்டவர். எதிரே நிற்பதே குற்றம். அந்த வண்டியை நோக்கி, அறுபது வயதுக் கிழவர், கையிலே மனுவை உயர்த்தியபடி ஓடினார்! மனுவை எழுதித் தந்தவர் எழுத்தாளர் கோட்டோக்கு ஷூசுயி, திருத்தியவர் தனாகா. காவலன் குதிரை இடறிற்று, கிழவரும் விழுந்தார், பிடிபட்டார். மனு மன்னர் கைக்குப் போகவில்லை. வழக்குப் போட்டால் சுரங்கக் கதை சந்தி சிரிக்கும். ஆகவே அரசு என்ன செய்தது? பித்தர் என்று சொல்லி அன்று மாலையே விட்டுவிட்டது!

பித்தரின் செய்கையால் நாடு விழித்தது. மாணவர்கள் கூட்டங்கூட்டமாகப் பாழ்நிலத்தைப் பார்க்க வந்தனர். பின்னாளில் பொதுவுடைமைப் பேரறிஞராக விளங்கிய கவகாமி ஹாஜிமே அப்போது கல்லூரி மாணவர். நிதி திரட்டும் கூட்டத்தில் உடுத்தியிருந்த மேலங்கியையே கழற்றிக் கொடுத்தார். பெருங்கவிஞராகப் பெயர்பெற்ற இஷிகாவா தகுபொகு அன்று பள்ளிச் சிறுவன். செய்தித்தாள் விற்ற காசை அனுப்பினான்.

அரசு என்ன செய்தது? இங்கேதான், தோழர்களே, நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். மலையைக் குணப்படுத்துகிறேன் என்று சொல்லவில்லை. வெள்ளத்தைத் தேக்குகிறேன் என்றது. வெள்ளத்தைத் தேக்க ஒரு பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளத்துக்கு யானகா என்ற ஊர் வேண்டும் என்றது. ஏறத்தாழ 2,700 மக்கள் வாழ்ந்த ஊர்! நஞ்சைப் பற்றிய வழக்கு, நீரைப் பற்றிய வழக்காக மாற்றப்பட்டது. நஞ்சு கொடுத்தவன் மலைமேல் செம்பு உருக்கிக்கொண்டிருக்க, நஞ்சு குடித்தவனை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். அதற்குப் பெயர் சீரமைப்பு!

1904 ஜூலையில் தனாகா மூட்டையைக் கட்டிக்கொண்டு யானகாவுக்கே குடிபோனார். 1906-இல் அந்த ஊரின் பெயரையே அரசுப் பதிவிலிருந்து அழித்தார்கள். 1907 ஜூன் 29 முதல் ஜூலை 5 வரை, போகமாட்டோம் என்று நின்ற 16 வீடுகளை ஆள் வைத்து இடித்தார்கள். அப்போது உள்துறை அமைச்சர் யார்? ஹரா தகாஷி. அமைச்சராவதற்கு முன் எங்கே இருந்தார்? புருகாவா நிறுவனத்தின் துணைத்தலைவர் நாற்காலியில்!

அதே 1907 பிப்ரவரியில் அஷியோ சுரங்கத்துக்குள்ளும் நெருப்பு மூண்டது. கூலி உயர்வு கேட்டுப் பொங்கிய சுரங்கத் தொழிலாளரை அடக்கப் பட்டாளம் வந்தது. தொழிலாளத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மலையைக் கொன்ற அதே கைதான் மலைக்குள்ளே உழைத்தவனையும் நசுக்கியது. உழவனுக்கு வாழ்வென்றால் தொழிலாளிக்கு வேலை போய்விடும் என்று பிரித்துப் பேசுவது, இருவர் தோளிலும் ஏறி உட்கார்ந்திருப்பவனின் பேச்சு.

வீடிழந்தவர்கள் இடிபாட்டின்மேல் குடிசை போட்டுக்கொண்டு கிடந்தார்கள். கிழவரும் உடன் கிடந்தார். பிறகு ஆறு ஆறாக நடந்தார். வெள்ளம் எங்கே எவ்வளவு உயரம் ஏறியது என்று சுவரிலும் மரத்திலும் உள்ள கறையை அளந்து குறித்தார். மலையும் ஆறும் ஓருடம்பு, மலையிலே காடு இருந்தால் ஆற்றிலே அமைதி இருக்கும், அணையைக் கட்டி ஆற்றை ஏமாற்ற முடியாது என்பது அவர் கண்ட முடிவு. ஆற்றோரம் கண்ட அழகிய கூழாங்கற்களைக் குழந்தைபோல் பொறுக்கி வைத்துக்கொள்வாராம். அவற்றுள் மூன்றுதான் அந்தத் துணிப்பையில் மிஞ்சியவை.

அவர் இறந்தார். சுரங்கம் ஓடியது. புகையும் ஓடியது. 1913-க்குப் பிறகு இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல்!

1956-இல் உருக்காலையில் புது முறை வந்தது. கந்தகப் புகையை வெளியே விடாமல் பிடித்துக் கந்தகத் திராவகமாக்கி விற்றார்கள். நஞ்சென்று ஊதித் தள்ளியது காசாயிற்று! அதன் பின்னர்தான் மலைக்கு வைத்தியம் பலித்தது. மண்ணையும் உரத்தையும் புல்விதையையும் கலந்து செங்கல்போல் அழுத்தி, தொழிலாளர் முதுகில் சுமந்து ஏறி, பாறைச் சரிவில் படிப்படியாகப் பதித்தார்கள். ஏற முடியாத இடத்தில் ஹெலிகாப்டரிலிருந்து விதை தூவினார்கள். முதலில் புல். புல் வேர் மண்ணைப் பிடித்தபின், ஏழை மண்ணிலும் வளரும் மரங்கள். அடிவாரத்தில் மலைமண் ஆற்றில் இறங்காதபடி பெரிய தடுப்பணை. 2,000 ஹெக்டேருக்கு மேல் மொட்டையாய்க் கிடந்த மலையில் மெல்ல மெல்லப் பச்சை ஏறியது.

கீழே சமவெளியில் உழவர்கள் முன்பே தம் கையால் வைத்தியம் தொடங்கியிருந்தார்கள். நஞ்சேறிய மேல்மண்ணைச் சுரண்டி வயலோரத்தில் குவித்தார்கள். நச்சுமேடு என்றே அந்தக் குவியல்களுக்குப் பெயர். ஆனால் 1958-இல் சுரங்கக் கழிவைத் தேக்கிய கரை ஒன்று உடைந்து, மீண்டும் கழனிகள் கெட்டன. மீண்டும் போராட்டம். 1974-இல்தான் சமரசக் குழுவின்முன் நிறுவனம் பொறுப்பேற்று 155 கோடி யென் இழப்பீடு தர இசைந்தது. தனாகா முதன்முதல் கேட்ட ஆண்டு 1891. எண்ணிப் பாருங்கள், 83 ஆண்டுகள்!

1973-இல் சுரங்கம் மூடப்பட்டது. மூடினால் முடிந்ததா? சுரங்கத்திலிருந்து வடியும் நீரை இன்றும் சுத்திகரித்துத்தான் ஆற்றில் விடுகிறார்கள். 2011 மார்ச்சில் வந்த பெரும் நிலநடுக்கத்தில் அதே பழைய கழிவுக்கரை மறுபடி சரிந்தது. ஈட்டியவர் காலம் முடிந்துவிடும்; கொட்டிய கழிவின் காலம் முடிவதில்லை.

ஆனாலும் மக்கள் சளைக்கவில்லை. 1996-இல் ஆற்றின் மேல்கரை, கீழ்க்கரை மக்கள் சேர்ந்து அமைப்பு ஒன்று கண்டனர். பத்து லட்சம் மரம் என்பது இலக்கு. ஆண்டுதோறும் வந்து, மண் பையையும் கன்றையும் சுமந்துகொண்டு செங்குத்துப் படிகளில் ஏறி நடுகிறார்கள். யானகாவின் பள்ளம் இன்று நாணல் காடு. 2012-இல் உலகம் மதிக்கும் ஈரநிலங்களின் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. அங்கே வெட்டிய ஏரி இதய வடிவில் வளைந்து செல்கிறது. ஏன்? பழைய ஊரின் இடுகாட்டைத் தோண்டக்கூடாதென்று வழிமறித்தார்கள் அந்த ஊராரின் வழிவந்தவர்கள். ஏரி ஒதுங்கிப் போயிற்று!

2014-இல் ஜப்பான் மன்னர் அகிஹிட்டோ, தனாகாவின் சொந்த மண்ணான சானோ நகரத்து அருங்காட்சியகத்துக்கு வந்தார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மனுவைப் பார்த்தார். கொள்ளுத்தாத்தா கைக்குப் போய்ச்சேராத மனு, 113 ஆண்டுகள் கழித்துக் கொள்ளுப்பேரன் கண்ணில் பட்டது. பித்தர் என்று விரட்டியவர்களின் பெயரை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

தோழர்களே! பாழான மண்ணைச் சீரமைக்கிறோம் என்று யாரேனும் பூங்கன்றோடும் புகைப்படக்காரரோடும் வந்தால், வாழ்த்துவோம். ஆனால் வாழ்த்துமுன் கேட்போம். நஞ்சு நின்றதா? செலவு யாருடையது, கெடுத்தவனுடையதா, கெட்டவனுடையதா? அந்த மண்ணிலே வாழ்கிறவனைக் கேட்டீர்களா? நட்டுவிட்டுப் போனபின் காவல் இருப்பவர் யார்?

கேட்டால் பித்தர் என்பார்கள். சொல்லட்டும். மலை முளைத்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பித்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டு!